அழிக்கும் முன் இரண்டு கேள்வி: பழைய ஆர்டபிள்யூ தகடுகளை மறுபடி பயன்படுத்துவது எப்படி?

பொங்கல் நோம்பிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பீரோ அடித்தட்டிலிருந்து ஒரு சிடி டப்பா வெளியே வரும். வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிற வீடாக இருந்தாலும் சரி, தோட்டத்து வீடாக இருந்தாலும் சரி, இது சகஜம். பாவு நூல் கணக்கு, பத்திரத்தின் ஸ்கேன் நகல், பையனின் சாதிச் சான்றிதழ், அக்கா கல்யாணத்தில் இணைச்சீர் நடந்த வீடியோ எல்லாம் அதில் கலந்து கிடக்கும். "எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற எதாவது போட்டுக்கலாம்" என்று தோன்றும். செய்யலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: இதில் இருப்பது மறுபடி கிடைக்குமா? இரண்டு: இந்தத் தகடு வேறு யார் கைக்காவது போகுமா?

முதலில் தகட்டைப் பாருங்க

தகட்டின் மேல் 'ஆர்' என்று மட்டும் இருந்தால் அது ஒரு முறை எழுதும் தகடு. கல்வெட்டு மாதிரி, அழிக்க முடியாது. 'ஆர்டபிள்யூ' என்று இருந்தால் அது சிலேட்டு மாதிரி. அழித்து அழித்து எழுதலாம். சிடி ஆர்டபிள்யூ 1997-ல் சந்தைக்கு வந்தது. அதில் சுமார் 700 எம்பி பிடிக்கும். டிவிடி ஆர்டபிள்யூவில் 4.7 ஜிபி. சுமார் 1,000 முறை வரை திரும்ப எழுதலாம் என்பது பொதுவான கணக்கு.

இது எப்படி நடக்கிறது? தகட்டுக்குள் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த மெல்லிய உலோகப் படலம் இருக்கும். லேசர் அதைச் சட்டென்று உருக்கி, அது உடனே குளிர்ந்தால், அந்த இடம் மங்கலாகிவிடும். அதுதான் எழுத்து. குறைந்த சூட்டில் இதமாகக் காய்ச்சினால் பழைய பளபளப்பு திரும்பிவிடும். அதுதான் அழிப்பு. அதனால்தான் இந்தத் தகடுகளை வெயிலிலும், கார் டேஷ்போர்டிலும் போட்டு வைக்கக் கூடாது.

ஃபார்மட் செய்யும்போது எதைத் தேர்வு செய்வது?

போனில் நேரடியாக இந்த வேலை நடக்காது. டிவிடி ரைட்டர் உள்ள கணினியோ, யூஎஸ்பியில் மாட்டும் ரைட்டரோ வேண்டும். காலித் தகட்டை விண்டோஸ் கணினியில் போட்டதும் இரண்டு வழி கேட்கும்.

'லைக் எ யூஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ்' என்பதைத் தேர்வு செய்தால் தகடு பென் டிரைவ் போல ஆகிவிடும். கோப்புகளை ஒவ்வொன்றாகப் போடலாம், ஒவ்வொன்றாக நீக்கலாம். தினசரிக் கோப்புகளுக்கு இதுவே வசதி. ஆனால் இடம் கொஞ்சம் குறையும். 700 எம்பி சிடியில் 600-க்கும் கீழேதான் கிடைக்கும். பழைய பிளேயர்கள் இதைப் படிக்காமலும் போகலாம்.

'வித் எ சிடி / டிவிடி பிளேயர்' என்பது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எழுதும் முறை. பல கருவிகளிலும் ஓடும். ஆனால் ஒரு கோப்பை மட்டும் தனியாக நீக்க முடியாது. முழுத் தகட்டையும் அழித்துத்தான் திரும்ப எழுத வேண்டும்.

எந்த வழியானாலும், வேலை முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துத்தான் தகட்டை எடுக்கணும். பாதியில் பொத்தானை அழுத்தி இழுத்தால் எழுதியது படிக்க முடியாமல் போகக்கூடும்.

கேள்வி ஒன்று: மறுபடி கிடைக்குமா?

பட்டா, சிட்டா நகலை வருவாய்த் துறையின் இணைய சேவையில் திரும்ப எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம். பல சான்றிதழ்களை, 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். அரசுத் துறை அங்கே நேரடியாக வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய நகலுக்கு அந்தத் தகுதி இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

ஆனால் அப்பாரு பேசிய குரல், கல்யாண வீடியோ, பாகப் பிரிவினையின்போது கையால் எழுதிய குறிப்பு, பத்து வருடத்துக் கூலிக் கணக்கு? இவை எந்தத் துறையிலும், எந்தச் சேவை மையத்திலும் கிடைக்காது. இவற்றை முதலில் கணினிக்கு நகல் எடுங்கள். 'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' மட்டும். நகல் எடுத்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு இடத்தில் இன்னொரு நகல். இவ்வளவும் ஆன பிறகுதான் அழிப்பு.

கேள்வி இரண்டு: வேறு கைக்குப் போகுமா?

அழிப்பதில் இரண்டு வகை உண்டு. விரைவு அழிப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அது தகட்டின் பொருளடக்கத்தை மட்டும் நீக்குகிறது. கோப்புகள் உள்ளே அப்படியே இருக்கும். வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் ஆதார் நகலையும் பத்திரத்தையும் எடுத்துவிட முடியும்.

முழு அழிப்பு தகடு முழுவதையும் ஓட்டி அழிக்கும். தகட்டையும் வேகத்தையும் பொறுத்து அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். விண்டோஸில் தகட்டின் மேல் வலது கிளிக் செய்து 'ஃபார்மட்' போய், 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிடுங்கள். தகடு எழுதும் மென்பொருள்களில் 'ஃபுல் எரேஸ்' என்று இருக்கும்.

தகடு உங்கள் வீட்டிலேயே இருக்கும் என்றால் விரைவு அழிப்பு போதும். வேறு ஒருத்தருக்குக் கொடுப்பதானால் முழு அழிப்புதான். தூக்கிப்போடுவதானால் துணியில் சுற்றி, கத்தரியால் துண்டாக்கிப் போடுங்கள். 'ஆர்' தகட்டுக்கு இது ஒன்றுதான் வழி. அதை எரிக்க வேண்டாம், பிளாஸ்டிக். உலர் குப்பையில் சேருங்கள். வெளியே கணினி மையத்தில் இந்த வேலையைச் செய்தால், அங்கே எடுத்த நகலை உங்கள் கண் முன்னால் நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

இது தகட்டோடு நிற்கவில்லை

பென் டிரைவுக்கும், போனில் போடும் மெமரி கார்டுக்கும் இதே கதைதான். விரைவு ஃபார்மட் செய்த கார்டிலிருந்து படங்களை மீட்க முடியும். பழைய போனை விற்கும்போது கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் உள்நினைவகம் பூட்டுக்குறி போட்டே சேமிக்கப்படுவதால், 'ஃபேக்டரி ரீசெட்' செய்தால் உள்ளே இருப்பதை மீட்பது மிகக் கடினம். கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாக இல்லை.

அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. மறுபடி கிடைக்காததை நகல் எடுங்க. வேறு கைக்குப் போவதை முழுசா அழிங்க.