ஹைட்ரோ பில் கட்ட முடியாமல் போனால்...



கடிதத்தைத் திறவுங்கோ. இந்தப் பக்கத்தில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது இதுதான். எங்களிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் திறக்காத மூன்று, நான்கு கவர்களோடுதான் வருகிறார்கள். பயத்தில் குசினி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கரண்ட் வெட்டுகிற கிழமைதான் யாரிடமாவது கேட்கிறார்கள். அந்தக் கவருக்குள் பயமுறுத்தல் மட்டும் இல்லை, உங்களுடைய உரிமைகளும் அதே தாளில்தான் அச்சிடப்பட்டிருக்கின்றன.

ஊரில் மின்சார சபையின் 'சிவப்புப் பில்' வந்தால் அடுத்து லைன்மன் வந்து வயரைக் கழற்றுவான் என்று நினைத்துப் பழகியவர்கள் நாங்கள். ஒன்ராறியோவில் அப்படி நினைத்தவுடன் வெட்ட முடியாது. மின்சாரக் கம்பனிகள் எல்லாம் ஒன்ராறியோ எரிசக்திச் சபையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ரொறொன்ரோ ஹைட்ரோவும் அப்படித்தான். கொண்டோக்களிலும் சில அப்பார்ட்மன்ற்களிலும் தனி மீற்றர் போட்டுப் பில் அனுப்பும் கம்பனிகளுக்கும் அதே சபையின் விதிகள் உண்டு.

வெட்டுவதற்கு முன்

பில் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டுவதற்குக் குறைந்தது 20 நாட்கள் தரவேண்டும். அந்தத் திகதி கடந்தால் மாதத்துக்கு 1.5 வீதம் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும் (வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 19.56 வீதம், கிரெடிற் கார்ட் வட்டிக்குக் கிட்டத்தான்). பிறகு பணம் கட்டவில்லை என்று நினைவூட்டும் அறிவித்தல் வரும். அதற்கும் பிறகுதான் துண்டிப்பு அறிவித்தல். அதைத் தந்து குறைந்தது 14 நாட்கள் கழியாமல் வீட்டுக் கரண்டை வெட்ட முடியாது. எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில் வெட்டக்கூடும் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்டுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னர் போனிலோ நேரிலோ உங்களோடு தொடர்புகொள்ளவும் முயலவேண்டும். கூட்டிப் பார்த்தால் பில் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. இந்த மாதத்தைத்தான் நாங்கள் அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறோம்.

கணக்குத் திறக்கும்போது வைப்புப் பணம் கட்டியிருந்தீர்களா? துண்டிப்பு அறிவித்தல் அனுப்பமுன்னர் அந்தப் பணத்தை நிலுவையில் கழித்திருக்க வேண்டும். கழித்திருக்கிறார்களா என்று கேளுங்கோ.

வீட்டில் ஒட்சிசன் மெஷினோ வேறு மருத்துவக் கருவியோ பாவிக்கும் ஆள் இருந்தால், கரண்ட் நின்றால் அவருடைய உடல்நலத்துக்குக் கடும் பாதிப்பு வரும் என்று டொக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்போது 14 நாள் 60 நாளாகும். இதை டொக்டரிடம் கேட்க வெட்கப்படாதேங்கோ.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, ஆனால் யாரும் பாவிப்பதில்லை. துண்டிப்பு அறிவித்தலின் பிரதியை நீங்கள் சொல்லும் வேறொருவருக்கும் அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். அம்மா அப்பா தனியே இருக்கிறார்கள், ஆங்கிலக் கடிதம் வாசிக்க மாட்டார்கள் என்றால் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடுங்கோ.

பனிக்காலத் தடை

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை, காசு கட்டவில்லை என்பதற்காக வீட்டுக் கரண்டை வெட்டக்கூடாது. கரண்டின் அளவை மட்டுப்படுத்தும் கருவியையும் அதற்காகப் பூட்டக்கூடாது. அதற்கு முன்னரே வெட்டுப்பட்ட வீடாக இருந்தால் டிசம்பர் 1க்கு முன்னர், திரும்பக் கொடுக்கும் கட்டணம் அறவிடாமல், இணைத்துத் தரவேண்டும். இது 2017 பெப்ரவரியில் வந்த பாதுகாப்பு. மின்கட்டணம் ஏறி, பனிக்காலத்திலும் வீடுகள் இருட்டாகக் கிடந்த செய்திகள் வந்து, மாகாணச் சட்டசபை வரை போன பிறகுதான் வந்தது.

ஆனால் தடை என்றால் கடன் மன்னிப்பு இல்லை. பனிக்காலம் முழுவதும் கட்டாமல் விட்டால் மே மாதத்தில் ஐந்தரை மாதப் பில்லும் தாமதக் கட்டணமும் ஒன்றாக வந்து நிற்கும். இயன்ற அளவு கட்டிக்கொண்டே வாருங்கோ. காஸ் பில்லுக்கு இந்தத் தடையைக் காட்ட முடியாது. அந்தக் கம்பனியோடு தனியே கதைக்க வேண்டும். காஸில் வீடு சூடாகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: ஃபேணஸின் காற்றாடி ஓடுவதற்கும் கரண்ட் வேண்டும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள், இரண்டு நாள் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வீடுகளுக்கு ஜன்னல் திறந்திருந்தது. இங்கே பூட்டிய பேஸ்மன்றுக்குள் கரி அடுப்போ பார்பிக்கியூவோ மூட்டினால் காபன் மொனொக்சைட் வாயு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

தவணை உடன்பாடு

"கையில் இருந்த ஐம்பது டொலரைக் கட்டினேன், பிறகும் வெட்டப் போகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நீங்களாகக் கொஞ்சம் கட்டுவது வெட்டுவதை நிறுத்தாது. போன் எடுத்து, நிலுவைக்குத் தவணை உடன்பாடு வேண்டும் என்று கேட்க வேண்டும். அது உங்களுடைய உரிமை.

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்கள் சராசரி மாதப் பில் 120 டொலர், நிலுவை 480 டொலர் என்று வையுங்கள். முற்பணமாக 15 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது, அதாவது 72 டொலர். மிச்சம் 408. நிலுவை இரண்டு மாதப் பில்லுக்கு மேற்பட்டதால் குறைந்தது 10 மாத அவகாசம் தரவேண்டும் (இரண்டு மாதத்துக்குள் என்றால் 5 மாதம்). ஆகவே மாதம் ஏறக்குறைய 41 டொலர், அதோடு அந்தந்த மாதத்துப் பில். வருமானம் குறைந்தவராக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு இதைவிட இளக்கம்: முற்பணம் 10 வீதம், 48 டொலர்தான். மிச்ச 432 டொலரை 12 மாதத்தில் 36 டொலராகக் கட்டலாம், அந்தத் தொகைக்கு மேலும் தாமதக் கட்டணம் ஏறாது.

ஒரு மாதத் தவணை தவறினால் உடன்பாடு அதோடு முறிந்துவிடாது. ஆனால் தவறமுன்னரே போன் பண்ணிச் சொல்லுங்கோ. கரண்ட் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால், நிலுவையைக் கட்டியோ உடன்பாடு செய்தோ முடித்ததும் இரண்டு வேலை நாட்களுக்குள் திரும்பத் தரவேண்டும்.

உதவிப் பணம் இரண்டு வகை. 'லீப்' எனப்படும் அவசர உதவி 2011இல் தொடங்கியது. அப்போது 500 டொலர் வரை, கரண்டில் சூடாகும் வீட்டுக்கு 600 வரை கிடைத்தது. பிற்பாடு தொகை கூட்டப்பட்டது. இது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. சமூகசேவை நிலையம் ஒன்றின் ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், 211ஐ அழைத்தால் எது என்று சொல்வார்கள். உங்களுடைய விண்ணப்பத்தைப் பார்க்கிறோம் என்று அந்த நிலையம் கம்பனிக்கு அறிவித்தால் 21 நாட்களுக்குத் துண்டிப்பை நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே கடைசி நாளில் அல்ல, துண்டிப்பு அறிவித்தல் கிடைத்த அன்றே கேளுங்கோ.

மற்றது 2016 ஜனவரியிலிருந்து நடக்கும் ஒன்ராறியோ மின்சார ஆதரவுத் திட்டம். குடும்ப வருமானத்தையும் ஆட்தொகையையும் பார்த்து மாதாமாதம் பில்லில் கழிப்பார்கள். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்து, கழிவு நின்றுபோனதைக் கவனிக்காமலே நிலுவையில் விழுந்தவர்கள் நிறையப் பேர்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்களின் பேஸ்மன்ற்களில் பில் பெரும்பாலும் மேல்மாடி வீட்டுக்காரரின் பெயரில்தான் இருக்கும். அப்படியென்றால் அறிவித்தல்களும் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவராது. வாடகையோடு பில்லின் பங்கைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கோ. சொந்தக்காரராக இருந்தாலும் வாங்குங்கோ.

வாடகை பாக்கி என்றோ பில் பங்கு தரவில்லை என்றோ வீட்டுக்காரர் பிறேக்கரை இறக்கிக் கரண்டை நிறுத்துவது 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி குற்றம். வெந்நீர், சூடு எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். பாக்கி இருந்தால் அவர் போகவேண்டிய இடம் வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபை. நீங்களும் அங்கே முறையிடலாம். ரொறொன்ரோ நகருக்குள் என்றால் 311ஐயும் அழைக்கலாம். ஒரு விலக்கு உண்டு: வீட்டுக்காரருடனோ அவருடைய குடும்பத்தாருடனோ குசினியை அல்லது குளியலறையைக் கட்டாயமாகப் பங்குபோடும் அறையென்றால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அறை எடுக்கமுன்னர் இதை யோசியுங்கோ. உங்களுக்கு முன் இருந்தவர் விட்டுச்சென்ற பில்லுக்கு, நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலொழிய, நீங்கள் பொறுப்பில்லை.

அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்கள் பலர், பில் கட்டாவிட்டால் கேஸ் பாதிக்குமோ என்று கேட்கிறார்கள். இல்லை. இது கடன், குற்றம் அல்ல. ஹைட்ரோ நிலுவை உங்களுடைய விசாரணையில் வருகிற விஷயமே இல்லை. ஆனால் கடன் அறவிடும் ஏஜென்சிக்குப் போனால் கிரெடிற் கெடும், நாளைக்கு அப்பார்ட்மன்ற் எடுக்கும்போது தெரியும்.

இந்தப் பயத்தை வைத்துத்தான் மோசடிக்காரர் பிழைக்கிறார்கள். "அரை மணித்தியாலத்தில் கட்டு, இல்லாவிட்டால் வெட்டுவோம், கிஃப்ற் கார்ட் வாங்கி நம்பரைச் சொல்லு" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கோ. பில்லில் இருக்கும் நம்பருக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கோ.

ரொறொன்ரோ ஹைட்ரோ: 416-542-8000. எடுக்கும்போது கணக்கு இலக்கமும் கடைசியாக வந்த கடிதமும் கையில் இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கோ. கதைத்தவரின் பெயர், நாள், நேரம் மூன்றையும் எழுதிவையுங்கோ. சொன்னபடி செய்யவில்லை என்றால் ஒன்ராறியோ எரிசக்திச் சபைக்கு முறையிடலாம்: 1-877-632-2727. கடிதம் விளங்கவில்லை என்றால் கவரைத் திறந்தபடியே எங்களிடம் கொண்டுவாருங்கோ, வாசித்துச் சொல்வோம்.