பெருத்த சிவப்பணுக்கள்: இரும்புச் சத்து மட்டும் போதுமா?

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைவீதி மிளகுக்கும் சுக்குக்கும் பெயர்பெற்றது. அங்கு மீனை அன்றாட உணவாகக் கொண்ட குடும்பங்களும், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய, புலால் உண்ணாத ஜைன வணிகக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. இரு சாராருக்கும் இரத்தசோகை வரலாம்; காரணம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். வேறொரு வகைச் சோகையில் அவை பெருத்துவிடும். வளர்ந்தவரின் சிவப்பணு சராசரியாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் கன அளவுடையது. 100-ஐத் தாண்டினால் அது பெருத்த அணுவாகும். ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவே இதற்கு முக்கிய காரணம். இவையின்றி எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் உரிய காலத்தில் பிரிவதில்லை. உருவில் பெருத்து, எண்ணிக்கையில் குறைகின்றன. மிகு மதுப்பழக்கம், கல்லீரல் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறிய தோற்றம், நாக்குப் புண் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். கை கால்களில் மதமதப்பும் நடையில் தடுமாற்றமும் தோன்றினால் பி12 குறைவு நரம்புகளைத் தாக்கியிருக்கக்கூடும்.

இந்நோயின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடமுண்டு. 1928-இல் இங்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே, குறிப்பாகத் துணி ஆலைத் தொழிலாளரிடையே, இச்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்ற சத்தை, சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்க ஆய்வுக்குழு 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது.

1970-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளை எட்டியது. ஆயினும் அதில் பி12 இல்லை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புச் சிதைவோ தொடரும். மேலும், இரும்புச் சத்தும் உடன் குறைந்திருந்தால் அணுவின் அளவு இயல்பாகவே தோன்றிக் குறையை மறைக்கலாம்.

மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனில் பி12 நிறைந்துள்ளது. மரக்கறி உண்போர் அதனைப் பாலிலும் தயிரிலுமே பெரிதும் பெறமுடியும். கீரையும் பயறும் ஃபோலிக் சத்தை அளிக்கும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் அச்சத்து வீணாகும். மாத்திரை உண்டும் களைப்பு நீங்காதவர், அளவைக் கூட்டுவதைவிட, இரத்தத்தைப் பரிசோதித்துக் காரணத்தை அறிவதே முறையாகும்.