காந்தள்: விதை முதல் மலர் வரை

திருமலைக்கு நடந்து ஏறுவோர் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. அங்கிருந்து எழும் மலை சேஷாசல மலைத்தொடரைச் சேர்ந்தது. பழந்தமிழ் நூல்கள் வேங்கடம் என்று கூறுவது இம்மலையையே. தமிழகத்தின் வட எல்லையாக அவை இதனைக் குறித்தன. மழைக்காலத்தில் இம்மலைத்தொடரின் புதர்களைப் பற்றிக்கொண்டு, தீக்கொழுந்து போன்ற மலர்களைத் தாங்கி ஒரு கொடி படரும். அதுவே காந்தள். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தளே. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குகிறது.

ஒரே கொடிக்குப் பல பெயர்கள் உள்ளன. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பர். கார்த்திகை மாதத்தை ஒட்டி மலர்வதால் கார்த்திகைப் பூ என்பர். மருந்துப் பயிராக விளைவிக்கும் உழவர் கண்வலிக் கிழங்கு என்பர். தெலுங்கில் இதன் பெயர் அடவிநாபி. அடவி என்றால் காடு. நாபி என்பது நச்சுக் கிழங்கு ஒன்றின் பெயர். அழகைச் சொல்லும் பெயர்களுக்கு நடுவே இப்பெயர் மட்டும் எச்சரிக்கையாக நிற்கிறது.

காந்தளுக்குத் தானே நிமிர்ந்து நிற்கும் வலிமை இல்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அதனால் அருகிலுள்ள கிளையைப் பற்றி அது மேலேறுகிறது. மலருக்கு அலைபோல் நெளிந்த ஆறு இதழ்கள் உண்டு. அவை பின்னோக்கி வளைந்து மேலே நிமிரும். விரியும்போது பசுமையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ், நாள்கள் செல்லச் செல்லச் செந்நிறம் அடையும். மகளிர் விரல்களுக்குச் சங்கப் புலவர்கள் காந்தளை உவமை கூறினர்.

இக்கொடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் சிலர், மலையில் உள்ள கிழங்கைத் தோண்டி எடுக்கலாம் என்று எண்ணுவர். அது தகாது. சேஷாசலக் காட்டின் ஒரு பகுதி 1989ஆம் ஆண்டு ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இம்மலைத்தொடர் 2010ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. தேசியப் பூங்காவிலிருந்து செடி கொடிகளைப் பெயர்த்தெடுப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் காரணம் ஒன்று உண்டு. பூவைப் பறித்தால் அப்பூ மட்டுமே போகும். கிழங்கைத் தோண்டினால் அவ்விடத்தில் கொடியே இல்லாது போகும். ஆதலால் தோட்டத்தில் விளைந்த விதையைப் பெற்று வளர்ப்பதே நேரிய வழி. தமிழ்நாட்டில் தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் உழவர்கள் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர்.

காந்தள் விதை உடனே முளைக்காது. காய் உலர்ந்து வெடித்ததும் கிடைக்கும் செம்மஞ்சள் நிற விதைகளைச் சில மாதங்கள் உலர வைத்திருத்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் அவற்றை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவிட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புக. விரல் நக அளவு ஆழத்தில் விதைகளை ஊன்றுக. மண் ஈரமாக இருக்கலாம், நீர் தேங்கலாகாது. சில விதைகள் சில வாரங்களில் முளைக்கும். சில மூன்று மாதமும் எடுத்துக்கொள்ளும். முளை தோன்றவில்லை என்று தொட்டியைக் கவிழ்ப்போர் உயிருள்ள விதையையே வீசிவிடுகின்றனர்.

முதல் ஆண்டில் புல் போன்ற சில இலைகளே தோன்றும். கோடை வந்ததும் அவை காய்ந்துவிடும். செடி மடிந்தது என்று கருதலாகாது. மண்ணுக்குள் சிறு கிழங்கு உறங்குகிறது. அப்போது நீர் விடுவதை நிறுத்தித் தொட்டியை நிழலில் வைக்க வேண்டும். அடுத்த மழைக்கு அது மீண்டும் துளிர்க்கும். ஆண்டுதோறும் கிழங்கு பருக்கும், கொடி நீளும், பற்றி ஏற ஒரு பந்தலோ வேலியோ தேவைப்படும். மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் முதல் மலர் விரியும். மலரின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருக்கும். எனவே வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வாராத தோட்டத்தில் காய் பிடிப்பது அரிது. உழவர்கள் காலை வேளையில் தம் கையாலேயே மகரந்தத்தைச் சூல்முடியில் சேர்க்கின்றனர்.

ஒன்றை மறத்தல் கூடாது. காந்தளின் எல்லா உறுப்புகளும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கு என்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. இதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள், மருத்துவர் தரும் அளவில் ஒருவகை மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைக் கொல்லும். ஆதலால் சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகும் இடத்தில் இதனை வளர்த்தல் ஆகாது. விதை ஊன்றும் பணியைப் பெரியோர் முன்னிலையில் கையுறை அணிந்து செய்க. பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. தொட்டியின்மேல் செடியின் பெயரையும் ‘நஞ்சு’ என்னும் சொல்லையும் எழுதி வைக்க.

பொறுமையும் எச்சரிக்கையும் உடையோர் தோட்டத்தில் காந்தள் மலரும். மலையில் உள்ள காந்தளோ மலையிலேயே மலரட்டும்.

அருஞ்சொற்பொருள்

அடவி – காடு
தகாது – பொருந்தாது
நேரிய – நேர்மையான
மயங்கி – தவறாக எண்ணி
பருக்கும் – பெரிதாகும்

பயிற்சி

1. காந்தள் எவ்வாறு பற்றி மேலேறுகிறது?
2. அடவிநாபி என்னும் பெயர் உணர்த்தும் எச்சரிக்கை யாது?
3. கோடையில் இலைகள் காய்ந்த தொட்டியை ஏன் எறிதல் கூடாது?
4. பிரித்து எழுதுக: செங்காந்தள், இம்மலை, ஒவ்வோர்.
5. உங்கள் சொந்த ஊரில் காந்தளை எப்பெயரால் அழைப்பர்? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.