பழைய காரின் தோல் இருக்கை

1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் மோட்டார்க் கண்காட்சி நடந்தது. இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி தன் புதிய ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகம்! 'ஈ-டைப்' என்று பெயரிடப்பட்ட அந்தக் கார் 1974 வரை தயாராயிற்று. அதன் அழகுக்காகவே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் ஓர் ஈ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அன்று வெளிவந்த காரொன்றின் கதவை இன்று திறந்து பார்ப்போம். வெளிப்புறத்துக்கு மீண்டும் வண்ணம் பூசலாம். என்ஜினைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றலாம். ஆனால் இருக்கை? தோல் பலகைபோல் விறைத்திருக்கிறது; மேற்பரப்பில் வெடிப்புகள்; தையல் விட்டுப்போயிருக்கிறது. பழைய தோலை உரித்தெறிந்து புதுத்தோல் தைப்பது எளிது. ஆனால் 60 ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர்கள் வெட்டித் தைத்த அந்தத் தோல் ஒருமுறை போனால் போனதுதான். அதைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் தோலின் தன்மையை அறியாமல் ஆசையோடு செய்யும் பணிவிடையே அதற்கு எமனாகிவிடுவதும் உண்டு. ஆகவே முதலில் தோலை அறிந்துகொள்வோம்.

தோலும் முப்புரிக் கயிறும்

தோல் ஒரே சீரான தகடு அன்று. எண்ணற்ற நுண்ணிழைகள் பின்னிப் பிணைந்த வலை. அந்த இழைகள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. கொலாஜன் மூலக்கூறு எப்படி அமைந்துள்ளது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1954-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டதே அந்த மூலக்கூறு என்று எக்ஸ்-கதிர்ச் சான்றுகளைக் கொண்டு 'நேச்சர்' இதழில் எழுதினர். இங்கிலாந்துக் காரின் இருக்கைத் தோலுக்குள் இருக்கும் கயிற்றின் முறுக்கை விளக்கியது நம் சென்னை ஆய்வுக்கூடம்!

பச்சைத்தோல் அழுகிவிடும். அழுகாமல் இருக்க, இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். இதுவே பதனிடுதல். மரப்பட்டைகளில் உள்ள டானினாலோ குரோமியம் உப்பாலோ பதனிடலாம். தமிழகத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு ஏராளமாக ஏற்றுமதியாயின. பதனிட்ட பின் தோலுக்குள் எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுவார்கள். அது எதற்கு?

தூரிகை சொல்லும் பாடம்

ஓவியம் தீட்டும் தூரிகை ஒன்றைக் கண்ணாடி டம்ளர் நீரில் அமிழ்த்திப் பாருங்கள். மயிர்கள் தனித்தனியே விரிந்து நிற்கும். வெளியே எடுங்கள். உடனே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூர்முனையாகிவிடும். நனைந்ததால் ஒட்டின என்பீர்களா? நீருக்குள் இருந்தபோதும் அவை நனைந்துதானே இருந்தன! ஒட்டவைத்தது நீரின் பரப்பு இழுவிசை. நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட பரப்பு சுருங்க முயல்கிறது. சுருங்கும்போது மயிர்களையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது.

ஈரத் தோல் உலரும்போதும் இதே கதைதான். இழைகளுக்கிடையே உள்ள நீர் ஆவியாக ஆக, பரப்பு இழுவிசை இழைகளை நெருக்கி ஒட்டவைக்கிறது. ஒட்டிய இழைகள் வழுக்கி நகரமாட்டா, தோல் விறைத்துவிடும். இடையே கொழுப்பு இருந்தால் இழைகள் ஒட்டாமல் நழுவும்; தோல் மென்மையாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தக் கொழுப்பு குறைந்தும் கெட்டும் போகிறது. ஆகவே, விறைத்த இருக்கையை நீரூற்றி ஊறவைத்து வெயிலில் காயவிடுவது மேலும் விறைப்பூட்டும் வழியே.

சூட்டின் தீங்கு

நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, மழையில் நனைந்த தோல் செருப்பை அடுப்பின்மேல் வைத்து உலர்த்தினேன். சிறிது நேரத்தில் அது பொரித்த அப்பளம்போல் சுருண்டுவிட்டது. அப்பாவிடம் வாங்கிய திட்டு நினைவிருக்கிறது. காரணம் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

ஈரமான கொலாஜனைச் சூடாக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முப்புரிக் கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து, இழை திடீரெனச் சுருங்குகிறது. இதைச் சுருங்கு வெப்பநிலை என்பர். பச்சைத்தோலுக்கு இது சுமார் 65° செ.; பட்டையால் பதனிட்டதற்கு 70°-85° செ.; குரோமியத்தால் பதனிட்டதற்குக் கொதிநீரின் வெப்பநிலையை ஒட்டி இருக்கும். தோல் மூப்படைந்து சிதையும்போது இந்த அளவு இறங்குகிறது. மிகவும் சிதைந்த தோலில் 50° செல்சியசுக்கும் கீழே போய்விடுவது உண்டு. அருங்காட்சியக வல்லுநர்கள் சில இழைகளை மட்டும் எடுத்து, நீரில் இட்டு, நுண்ணோக்கியின்கீழ் மெல்லச் சூடாக்கி இந்த வெப்பநிலையை அளக்கிறார்கள். தோலின் உடல்நிலையைக் காட்டும் நாடி அது. ஒருமுறை சுருங்கிய தோல் மீளாது. எனவே பழந்தோலுக்கு வெந்நீர், நீராவி, சூடான காற்று எதுவும் ஆகாது.

தையலும் தபால்தலையும்

தபால்தலைத் தாளில் துளை வரிசை எதற்கு? அந்த இடத்தில் எளிதாகக் கிழிவதற்கு! துளைகளின் ஓரத்தில் தகைவு குவிகிறது. இருக்கையின் தையலும் துளை வரிசைதான். சீர்செய்கிறேன் என்று பழைய துளைகளுக்கு நடுவே இயந்திரத்தால் புதுத் துளைகள் இட்டால், தோல் தபால்தலையாகிவிடும். அறிந்தவர் பழைய துளைகளின் வழியே ஊசியைக் கையால் செலுத்தித் தைக்கிறார்.

தோலுக்கு அடியில் உள்ள ரப்பர் நுரைமெத்தையையும் கவனிக்க வேண்டும். காற்றின் ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட சங்கிலிகளைத் தாக்குவதால், மெத்தை காலப்போக்கில் பொடிந்து உதிர்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் பழைய அளவைவிடத் தடித்த மெத்தையை வைத்தால், முதுமையடைந்த தோல் எப்போதும் இழுபட்டு, தையலோரம் கிழியும்.

வேலை நடக்கும் முறை

முதலில் இருக்கையைப் பலமுறை படமெடுத்து, அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். வெயில் படாத அடிமடிப்பில் தோலின் உண்மை நிறம் இன்னும் இருக்கும்; அதுவே வழிகாட்டி. பின்னர் மென்மையான தூரிகையால் தூசியை நீக்குகிறார்கள். மணல் துகள்கள் நூலையும் இழையையும் அரம்போல் அறுக்கும் என்பதால் இது முக்கியம்.

அடுத்து அழுக்கு. தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. சலவைச் சோப்பு காரத்தன்மை உடையதாதலால் அதைத் தொடுவதில்லை. மென்மையான நடுநிலைக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால், மறைவான ஓரிடத்தில் சோதித்த பின்னரே துடைக்கிறார்கள்.

விறைத்த தோலை ஈரக்காற்றில் வைத்து, நீரை ஆவியாகவே மெல்ல மெல்ல ஏற்கச் செய்கிறார்கள். தோல் சிறிது இளகியதும் கொழுப்பை அளவோடு ஊட்டுகிறார்கள். இங்கே ஒரு செய்தி. அக்காலக் கார்த் தோல்களின் மேற்புறத்தில் செல்லுலோஸ் நைட்ரேட் வண்ணப்பூச்சு இருப்பது வழக்கம். பூச்சு கெடாத இடத்தில் மேலிருந்து தடவும் எண்ணெய் எளிதில் உள்ளே போகாது; பிசுபிசுத்துத் தூசியைத்தான் சேர்க்கும். எனவே தோலைக் கழற்றி, பூச்சில்லாத உட்புறத்திலிருந்து ஊட்டுவதே சிறந்தது. நலிந்த இடங்களில் உட்புறமாக மெல்லிய துணி ஒட்டினால், இழுவிசையைத் துணி தாங்கிக்கொள்ளும். கடைசியாக, வெடிப்புகளை மட்டும் வளையும் தன்மையுள்ள பசையால் நிரப்பி, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் தீட்டுகிறார்கள்.

இவ்வாறு மீண்ட இருக்கை புத்தம்புதிதாகத் தோன்றாது. சுருக்கங்கள் இருக்கும். ஆனால் அது 1961-இன் தோல், கைவைத்தால் வளையும், உட்கார்ந்தால் தாங்கும்.

செய்து பாருங்கள்

ஒரே தாளிலிருந்து 3 செ.மீ. அகலமுள்ள இரண்டு நாடாக்களை வெட்டுங்கள். ஒன்றின் குறுக்கே 2 மி.மீ. இடைவெளியிலும், மற்றொன்றில் 8 மி.மீ. இடைவெளியிலும் ஊசியால் துளையிடுங்கள். இரண்டையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். எது முதலில் கிழிகிறது? எங்கே கிழிகிறது? மழையில் நனைந்த தோல் செருப்பை இனி நீங்கள் எங்கே, எப்படி உலர்த்துவீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள்.