கைத்தொழில் பாடம்: பற்றரியின் நிலையைச் சொல்லும் சிறு விளக்கு



இந்தப் பாடம் களுவாஞ்சிக்குடியிலிருந்து வருகிறது. உங்கள் மலைக்கும் எங்கள் வாவிக்கும் தூரம் அதிகம். ஆனால் வீட்டுக்குள் போனால் கதை ஒன்றுதான். கரண்ட் போகும், பற்றரிதான் கை கொடுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்போம், மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம். களுவாஞ்சிக்குடி எழுவான்கரையில் இருக்கிறது. 1990களில், யுத்தகாலத்தில், படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் கிடையாது. கட்டுப்பாடற்ற பகுதி என்று சொல்லப்பட்ட இடங்களுக்கு டோர்ச் பற்றரி கொண்டுபோகவும் தடை இருந்தது. வடக்கு கிழக்கில் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. கார் பற்றரி வைத்திருந்தவர் அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட பற்றரியைக் கொல்வது எது? கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி எடுப்பதுதான். "லைட் இன்னும் எரியுதுதானே" என்று விட்டுவிடுகிறோம். ஈய அமிலப் பற்றரி முழுதாக இறங்கி அப்படியே கிடந்தால், தகடுகளில் வெள்ளையாக ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் பழைய பலம் வராது. பல நாள் கொழுந்து பறித்த சம்பளம் அதோடு போச்சு.

இதைத் தடுக்கச் சின்ன வழி ஒன்று உண்டு. ஒரு சிவப்பு எல்.ஈ.டி., ஒரு பச்சை எல்.ஈ.டி., இன்னும் நாலைந்து சில்லறைச் சாமான். அதைத்தான் இன்று செய்யப்போகிறோம்.

1. எல்.ஈ.டி. என்றால் என்ன?

பாடசாலை விஞ்ஞானப் புத்தகம் இதை 'ஒளிகாலும் இருவாயி' என்று சொல்லும். சாதாரண பல்ப்பில் கம்பி சூடாகி எரிகிறது. எல்.ஈ.டி.யில் கம்பி இல்லை. உள்ளே இருக்கும் சின்னக் குறைகடத்தித் துண்டு, மின்சாரம் சரியான பக்கமாகப் போகும்போது ஒளி தருகிறது. மறுபக்கமாகக் கொடுத்தால் எரியாது. மறுபக்கமாக 5 வோல்ற்றுக்கு மேல் கொடுத்தால் பழுதாகவும் கூடும்.

கால் இரண்டையும் பாருங்கள். நீளமான கால் நேர் (+). குட்டையான கால் மறை (−). காலை வெட்டிவிட்டால், அடி விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மறை.

நிறம் வருவது பிளாத்திக்கு மூடியால் அல்ல, உள்ளே இருக்கும் பொருளால். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலோனியாக் செய்து காட்டினார். பிரகாசமான நீலம் வர மேலும் 30 வருடம் பிடித்தது. அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி. பெரும்பாலும் நீல எல்.ஈ.டி.க்கு மேல் மஞ்சள் பொஸ்பர் பூசியதுதான்.

2. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வோல்ற்றளவு

எல்.ஈ.டி. எரிய வேண்டுமானால் அதன் இரு காலுக்கும் இடையில் ஒரு குறித்த வோல்ற்றளவு வேண்டும்.

சிவப்பு: ஏறக்குறைய 1.8 முதல் 2 வரை
மஞ்சள்: ஏறக்குறைய 2
பழைய வகைப் பச்சை: ஏறக்குறைய 2.1
நீலம், வெள்ளை, புதிய பளிச்சுப் பச்சை: ஏறக்குறைய 3

அந்த அளவு வரும்வரை எல்.ஈ.டி. பேசாமல் இருக்கும். வந்ததும் கதவு திறந்ததுபோல மின்சாரம் பாயும். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு நொடியில் எரிஞ்சு போகும். அதனால்தான் கூடவே ரெசிஸ்டர், அதாவது தடை, போடுகிறோம். பீலியில் வரும் தண்ணீருக்குக் குழாய்த் திருகு எப்படியோ, எல்.ஈ.டி.க்குத் தடை அப்படி.

3. தடையைக் கணக்குப் பார்ப்பது

இந்தச் சிறு எல்.ஈ.டி.களின் உச்ச அளவு சாதாரணமாக 20 மில்லி அம்பியர். அடையாள விளக்குக்கு அதில் பாதி, 10 மில்லி அம்பியர் (0.01 அம்பியர்), தாராளம்.

கணக்கு இதுதான்: பற்றரி வோல்ற்றிலிருந்து எல்.ஈ.டி. வோல்ற்றைக் கழியுங்கள். மிஞ்சியதை அம்பியரால் வகுங்கள். வருவது ஓம்.

12 வோல்ற் பற்றரி, சிவப்பு எல்.ஈ.டி.: 12 − 2 = 10. 10 ÷ 0.01 = 1000 ஓம். நிறக்கோடு கபிலம், கறுப்பு, சிவப்பு.

5 வோல்ற் போன் சார்ஜர், சிவப்பு எல்.ஈ.டி.: 5 − 2 = 3. 3 ÷ 0.01 = 300 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 330. செம்மஞ்சள், செம்மஞ்சள், கபிலம்.

கணக்கில் வரும் அளவு கிடைக்காவிட்டால் அதைவிடப் பெரியதைப் போடுங்கள். வெளிச்சம் கொஞ்சம் மங்கும், ஆனால் எல்.ஈ.டி. பிழைக்கும்.

4. காவல் விளக்கைச் செய்வோம்

வேண்டிய சாமான்: சிவப்பு எல்.ஈ.டி. 1, பழைய வகைப் பச்சை எல்.ஈ.டி. 1, 1000 ஓம் தடை 1, 270 ஓம் தடை (சிவப்பு, ஊதா, கபிலம்) 1, 10 வோல்ற் அரை வாற்று சேனர் டயோட் 1, 1 அம்பியர் பியூஸ் 1, 12 வோல்ற்றுக்குப் போதுமான அழுத்தும் சுவிட்ச் 1, துண்டு வயர்.

சேனர் என்பது என்ன? கோடு போட்ட பக்கத்தை நேருக்குத் திருப்பி வைத்தால், தனக்குக் குறித்த வோல்ற் வரும்வரை மின்சாரத்தை விடாது. நம்முடையது 10 வோல்ற். அதோடு பச்சை எல்.ஈ.டி.க்கு ஏறக்குறைய 2. இரண்டும் சேர்ந்து 12. பற்றரி அதற்கு மேல் இருந்தால் பச்சை எரியும். 12ஐ நெருங்க மங்கும், கீழே இறங்க அணையும்.

முதலில் பற்றரியின் நேர் முனையிலிருந்து பியூஸ். பியூஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதன் பிறகு சுவிட்ச். சுவிட்சிலிருந்து இரண்டு கிளை.

சிவப்புக் கிளை: 1000 ஓம் தடை, பிறகு சிவப்பு எல்.ஈ.டி.யின் நீளக் கால். குட்டைக் கால் பற்றரியின் மறை முனைக்கு.

பச்சைக் கிளை: 270 ஓம் தடை, பிறகு சேனரின் கோடு போட்ட பக்கம். சேனரின் மறுபக்கம் பச்சை எல்.ஈ.டி.யின் நீளக் காலுக்கு. குட்டைக் கால் பற்றரியின் மறை முனைக்கு.

சோல்டர் பண்ணும்போது காலை மூன்று நொடிக்கு மேல் சுட வேண்டாம். எல்லாம் முடிந்து, சரிபார்த்த பிறகே பற்றரியில் கொழுவுங்கள். எங்கள் வாவிக் காற்றில் உப்பு, உங்கள் மலையில் மூடுபனி ஈரம். இரண்டும் சோல்டர் இணைப்பைத் தின்னும். மேலே நகப்பூச்சு தடவிவிட்டால் கனகாலம் நிற்கும்.

5. எப்படிப் பார்ப்பது?

சுவிட்சை அழுத்துங்கள்.

சிவப்பும் பச்சையும் எரிந்தால்: பற்றரி நல்லாயிருக்கு, பாவிக்கலாம்.
சிவப்பு எரிய, பச்சை மங்கினால்: இன்றைக்கே சார்ஜ் பண்ணுங்கள்.
சிவப்பு மட்டும் எரிந்தால்: லைட்டை நிறுத்துங்கள். இனி எடுத்தால் பற்றரிக்குத்தான் கேடு.
இரண்டும் எரியாவிட்டால்: பியூஸ் போயிருக்கும், அல்லது எங்கோ வயர் விட்டிருக்கும்.

சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் பச்சை பொய் சொல்லும், ஏனென்றால் வோல்ற் அப்போது ஏறி நிற்கும். ஒரு மணிநேரம் பொறுத்துப் பாருங்கள். பெரிய லைட் எரியும்போது பார்த்தாலும் வோல்ற் சற்றுக் குறைவாகத் தெரியும். சும்மா இருக்கும் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்தது. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறுமை.

அழுத்தும் சுவிட்ச் எதற்கு என்று கேட்பீர்கள். சிவப்பு எல்.ஈ.டி. இரவு பகலாக எரிந்தால் ஒரு நாளைக்கு 240 மில்லி அம்பியர் மணி தின்னும். 7 அம்பியர் மணிப் பற்றரியை ஒரு மாதத்தில் அதுவே தனியாக முடித்துவிடும். காவல்காரனே களஞ்சியத்தைத் தின்னக்கூடாது அல்லவா!

6. கவனம் வேண்டிய இடங்கள்

பச்சையில் இரண்டு வகை உண்டு. கண்ணாடிபோல் தெளிந்த மூடியோடு பளிச்சென்று எரிவது பெரும்பாலும் 3 வோல்ற் வகை. அதைப் போட்டால் நிறைந்த பற்றரியிலும் எரியாமல் நின்று உங்களைக் குழப்பும். அதற்கு 10 வோல்ற் சேனருக்குப் பதில் 9.1 வோல்ற் சேனர் போடுங்கள். சேனரிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆகவே ஒருமுறை மீற்றர் வைத்து, பச்சை எத்தனை வோல்ற்றில் அணைகிறது என்று பார்த்து, பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

சார்ஜ் பண்ணும் பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். குப்பி விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கிட்ட வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. இந்தப் பாடத்தில் சொன்னது 12 வோல்ற்றுக்கும் அதற்குக் கீழும்தான். சுவரில் வரும் 230 வோல்ற்றில் எந்த எல்.ஈ.டி.யையும் தடையையும் கொழுவிப் பார்க்க வேண்டாம். திருவிழாவுக்கும் வெசாக்குக்கும் தொங்கவிடும் மாலை பல்ப்பையும் பிளக்கில் இருக்கும்போது பிரிக்க வேண்டாம். லயத்தில் ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் பக்கத்துக் காம்பிராவும் தப்பாது. பற்றரியில் பிழைத்தால் ஐந்து பத்து ரூபாச் சாமான் போகும், வேறொன்று வாங்கலாம். சுவர்க் கரண்டில் பிழைத்தால் திருப்பி வாங்க முடியாதது போகும்.

பயிற்சி: 6 வோல்ற் பற்றரியில் மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்றை 10 மில்லி அம்பியரில் எரிக்க எத்தனை ஓம் தடை வேண்டும்? கடையில் 390, 470 இரண்டும் இருக்கின்றன. எதை வாங்குவீர்கள்?

விடை: 6 − 2 = 4. 4 ÷ 0.01 = 400 ஓம். பெரியதை, அதாவது 470ஐ (மஞ்சள், ஊதா, கபிலம்) வாங்க வேண்டும்.