பழைய லாரிகளின் காகிதங்கள்: ஆவணக் காப்பகப் பயிற்சிப் பணி குறித்து ஒரு பாடம்



அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் 'அமெரிக்கன் டிரக் ஹிஸ்டாரிகல் சொசைட்டி' என்ற சங்கம் இருக்கிறது. 1971-ல் தொடங்கப்பட்டது. லாரிகளின் வரலாற்றையும், லாரித் தொழிலில் உழைத்தவர்களின் வரலாற்றையும் பாதுகாப்பதே அதன் வேலை. 'வீல்ஸ் ஆஃப் டைம்' என்ற இதழை நடத்துகிறது. நூலகமும் ஆவணத் தொகுப்பும் வைத்திருக்கிறது. கார், பஸ், லாரி என ஒவ்வொன்றுக்கும் இப்படி வரலாற்றுச் சங்கங்கள் அங்கே பல உண்டு. இத்தகைய காப்பகங்களில் வரலாறோ நூலக அறிவியலோ படிக்கும் மாணவர்கள் சில மாதங்கள் பயிற்சிப் பணி செய்கிறார்கள்.

பழைய லாரிக் காகிதத்தை அடுக்கி வைப்பதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த வேலை எப்படி நடக்கிறது, அது எந்தப் பண்பைக் கேட்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. இந்தக் காகிதங்கள் யாருக்கு வேண்டும்?

ஒரு நிறுவனம் மூடப்பட்டால் அதன் இயந்திரங்களுக்கு விலை உண்டு, நிலத்துக்கு விலை உண்டு. அலமாரியில் இருக்கும் காகிதத்துக்கு விலை இல்லை. முதலில் குப்பைக்குப் போவது அதுதான். அமெரிக்காவில் 1980-ல் வந்த மோட்டார் கேரியர் சட்டம் லாரித் தொழிலின் உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதிய நிறுவனங்கள் பெருகின. கட்டணப் போட்டியில் பல பழைய நிறுவனங்கள் மூடப்பட்டன. அதே 1980-ல் லாரி உற்பத்தியில் பெயர் பெற்ற ஒயிட் மோட்டார் நிறுவனம் திவாலானது. மறு ஆண்டு அதன் லாரிப் பிரிவை வால்வோ வாங்கிக்கொண்டது. இப்படி மறைந்த நிறுவனங்களின் விளம்பரக் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், பழுதுபார்ப்புக் கையேடுகள், புகைப்படங்கள் ஆகியவற்றில் தப்பியவையே இன்று காப்பகங்களில் இருக்கின்றன. டிரைவர்களின் வீடுகளிலிருந்து வந்த ஆல்பங்களும் உண்டு.

இவற்றைத் தேடி வருவோர் பலவகை. ஒருவர் பழைய லாரியைப் புதுப்பிக்கிறார்; அதன் அசல் நிறமும் எஞ்சின் வகையும் அவருக்குத் தெரிய வேண்டும். இன்னொருவர் லாரி ஓட்டிய தம் பாட்டனாரின் படத்தைத் தேடுகிறார். மற்றொருவருக்கு உயிர் சார்ந்த கேள்வி. பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கமாக இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் வரலாம். எந்த வண்டியில் எந்தப் பாகம் பொருத்தப்பட்டது என்பதை உதிரிபாகப் பட்டியல்தான் சொல்லும். அந்தப் பட்டியலின் உறையில் ஆண்டையோ மாடலையோ தவறாக எழுதி வைத்தால், நம்பி வந்தவர் தவறான விடையோடு போவார்.

ஆகவே காப்பகத்தில் இருப்பது வெறும் பழைய காகிதமன்று, அது அமானிதம். கொடுத்தவர் நம்பிக் கொடுத்தார். கேட்க வருபவர் நம்பிக் கேட்கிறார்.

2. வந்த அடுக்கைக் கலைக்காதீர்கள்

ஒரு பெட்டி வந்தவுடன் பயிற்சி மாணவர் செய்யும் முதல் வேலை அதை வரவுப் பதிவேட்டில் ஏற்றுவது. யார் கொடுத்தார், எந்த நாளில், எத்தனை பெட்டி, நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்தாயிற்றா, படங்களைப் பிறர் வெளியிட அனுமதி உண்டா என்று எழுத வேண்டும்.

அடுத்து, சுறுசுறுப்பான பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வரும்: எல்லாவற்றையும் கொட்டி, படங்களைத் தனியாகவும் கடிதங்களைத் தனியாகவும் பிரித்துவிடலாமே என்று. அதைச் செய்யக்கூடாது. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மேலாளர் விபத்துப் படத்தையும் காப்பீட்டுக் கடிதத்தையும் பழுதுச் செலவுச் சீட்டையும் ஒரே உறையில் வைத்திருந்தால், அம்மூன்றும் சேர்ந்துதான் ஒரு செய்தி. பிரித்துவிட்டால் படம் ஏதோ ஒரு விபத்தின் படமாகிவிடும். சீட்டு ஏதோ ஒரு செலவின் சீட்டாகிவிடும். ஒருவரிடமிருந்து வந்ததை மற்றவருடையதோடு கலக்காமல் வைப்பதும், அவர் வைத்த வரிசையை மதிப்பதும் ஆவணக் காப்பகத் துறையின் அடிப்படை விதிகள்.

3. கையால் செய்யும் வேலை

காப்பகத்தில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். துருப்பிடித்த கிளிப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் காகிதம் கிழியாமல் மெதுவாக எடுக்க வேண்டும். இற்றுப்போன ரப்பர் பேண்டை நீக்க வேண்டும். செல்லோ டேப் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. அது பயிற்சி பெற்ற வல்லுநரின் வேலை. காகிதத்தைத் தொடச் சுத்தமான, உலர்ந்த கை போதும். புகைப்படத்தையும் பிலிமையும் தொடக் கையுறை வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை படத்தில் தங்கிவிடும்.

பொதுவாகக் காகிதங்களை அமிலமற்ற உறையில் வைப்பார்கள். அமிலத்தைத் தடுப்பதற்காகக் காரப்பொருள் சேர்த்த உறைகளும் உண்டு. ஆனால் லாரித் தொழிற்சாலைகளின் பழைய புளூபிரிண்ட் வரைபடங்களை அந்தக் காரம் சேர்த்த உறையில் வைக்கக் கூடாது, நீலம் வெளுத்துவிடும். ஒன்றைக் காக்கும் உறை இன்னொன்றைக் கெடுக்கும்.

மூக்குக்கும் வேலை உண்டு. பழைய அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். வாடை வந்த பிலிமை உடனே பிரித்து வைக்க வேண்டும். இல்லையேல் அருகிலுள்ளவையும் விரைவில் கெடும். அதற்கும் முற்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். சந்தேகம் வந்தால் தாமே முடிவு செய்யாமல் பொறுப்பாளரை அழைப்பதே சரி.

4. ஆண்டைக் கண்டறிவது எப்படி?

தேதியில்லாத புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் வரும். படத்திலேயே சாட்சிகள் உண்டு.

நம்பர் பிளேட்: அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் புதிய பிளேட் கொடுத்தார்கள், அதில் ஆண்டும் பொறித்திருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் பல மாநிலங்கள் பழைய பிளேட்டிலேயே ஒரு சிறு தகட்டைப் பொருத்தி நீட்டித்தன. தகட்டையும் பார்க்க வேண்டும்.

கதவில் எழுத்து: மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரித் தொழில் 1935-ம் ஆண்டுச் சட்டத்தால் 'ஐ.சி.சி.' எனப்படும் மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கீழ் வந்தது. லாரிக் கதவில் ஐ.சி.சி. எண் இருந்தால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

முகவரி: நம் பின்கோடு போன்ற 'ஜிப் கோடு' அங்கே 1963 ஜூலையில் வந்தது. விளம்பரக் கையேட்டில் அந்த எண் இருந்தால் அது அதற்குப் பின் அச்சானது.

வண்டி எண்: 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட பொது வண்டி அடையாள எண் 1981 மாடல் முதல் கட்டாயமானது. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. எண்ணைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்க ஒன்பதாம் இடத்தில் ஒரு சோதனைக் குறியும் உண்டு. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் எண் போட்டது. ஆகவே பழைய சேஸிஸ் எண்ணைப் படியெடுக்கும்போது ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

இந்தச் சாட்சிகளில் பெரும்பாலானவை 'இதற்கு முன் அல்ல' என்று மட்டுமே சொல்லும். 1936-ல் செய்த லாரி 1950-லும் ஓடியிருக்கும். வண்டியின் வயது படத்தின் வயதாகாது.

பெயரிலும் கவனம் வேண்டும். ரியோ, டயமண்ட் டி என்று இரு லாரி நிறுவனங்கள். ஒயிட் நிறுவனம் 1957-ல் ரியோவையும் 1958-ல் டயமண்ட் டி-யையும் வாங்கியது. 1967-ல் இரண்டையும் இணைத்து 'டயமண்ட் ரியோ' ஆக்கியது. டயமண்ட் ரியோ கையேட்டை டயமண்ட் டி உறையில் போட்டுவிட்டால், தேடுபவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

5. தெரிந்ததை எழுதுங்கள், எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்

இதுவரை சொன்னவை அனைத்தும் வந்து சேரும் இடம் இதுதான். விவரமே எழுதாத படத்துக்கு நாளை வேறொருவர் விடை காணலாம். தவறான விவரம் எழுதிய படத்தை யாரும் மீண்டும் ஆராய மாட்டார்கள். அந்தத் தவறு அடுத்த இதழிலும் அடுத்த புத்தகத்திலும் ஏறிவிடும். எனவே குறிப்பு எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுத வேண்டும்: ஆவணத்திலேயே இருப்பது, சாட்சியைக் கொண்டு நாம் ஊகித்தது, நன்கொடையாளர் வாய்மொழியாகச் சொன்னது. '1948' என்று மட்டும் எழுதுவதைவிட 'நம்பர் பிளேட்டின்படி 1948' என்று எழுதுவது மேல். இரண்டு சொல்தான் கூடுதல். ஆனால் பின்னால் வருபவர் சரிபார்க்க வழி கிடைக்கிறது.

படத்தின் பின்புறம் நன்கொடையாளர் எழுதியது தவறென்று தெரிந்தாலும் அழிக்கக் கூடாது. அவர் எழுதியதும் ஆவணமே. நம் கருத்தை நம் பட்டியலில் தனியாக எழுதலாம்.

6. சேரும் முன் கேட்க வேண்டியவை

பயிற்சிக்கு இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் பிள்ளைகள் சிலவற்றைக் கேட்காமல் விடுகிறார்கள். ஊதியம் உண்டா? இல்லையெனில் கல்லூரி மதிப்பெண் உண்டா? எத்தனை மணி நேரம்? கற்றுத்தரும் பொறுப்பாளர் யார்? முடிவில் கையில் காட்ட என்ன இருக்கும்? ஒரு தொகுப்பை முழுமையாக ஒழுங்குபடுத்தி, அதற்கு வழிகாட்டிப் பட்டியல் எழுதி முடித்தவர், வேலை தேடும்போது அதையே சான்றாகக் காட்டலாம். மூன்று மாதமும் ஸ்கேனர் முன் மட்டும் உட்கார வைக்கப்பட்டவருக்கு அது கிடைக்காது.

ஊதியமில்லாப் பயிற்சி என்றால் அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் வீடுதான் தாங்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கும் அந்தக் கதவு, வசதியில்லாத வீட்டின் திறமையான பிள்ளைக்கு மூடிக்கொள்கிறது. கல்விக்கு உதவுவோர் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், இத்தகைய பயிற்சிக் காலச் செலவையும் கணக்கில் கொள்வது நல்லது.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஒரு லாரிப் படம். நம்பர் பிளேட்டில் 1948 என்று இருக்கிறது. பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் '1941' என்று எழுதியிருக்கிறது. அமெரிக்கக் கடைகளுக்கு அந்தப் பேனா 1945 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது. அப்படியானால் அந்த எழுத்து எப்போது எழுதப்பட்டிருக்கும்? பட்டியலில் என்ன எழுதுவீர்கள்?

2. ஒரு விளம்பரக் கையேட்டில் முகவரி உண்டு, ஜிப் கோடு இல்லை. அது 1963-க்கு முன் அச்சானது என்று உறுதியாகச் சொல்லலாமா? ஏன்?

3. உங்கள் வீட்டில் தேதியில்லாத பழைய படம் ஒன்றை எடுங்கள். அதில் உள்ள சாட்சிகளைக் கொண்டு ஆண்டை ஊகித்து, எப்படி ஊகித்தீர்கள் என்பதையும் சேர்த்து மூன்று வரிகளில் எழுதுங்கள். படத்தின் மீது வேண்டாம்; தனித்தாளில், பென்சிலால்.

விடைகளை மாணவர்கள் நம் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். காரணத்தோடு எழுதிய விடைகளுக்கு அடுத்த இதழில் இடம் உண்டு.

— செயலாளர்