புயலின் நன்மை, தீமை: யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு?

புயல் பாடத்தை முடித்ததும் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதிப்போடுவது நம் வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் டெல்டா மாவட்ட வகுப்பறையில் 'புயலின் நன்மைகள்' என்று எழுதும்போது எதிரே இருப்பவர்களில் சிலர் கஜாவில் தென்னந்தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் நன்மையே இல்லை என்று சொல்வதும் அறிவியல் ஆகாது. எனவே அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்போம்: யாருக்கு? எவ்வளவு காலத்துக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். சாய்ந்த நெல் ஒரு பருவ இழப்பு. அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். கணக்குப் பாடத்தோடு இதை இணைக்கலாம். ஒரு தோப்பில் 100 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று வைத்துக்கொண்டு, உள்ளூர் விலையில் ஆறு ஆண்டு வருமானத்தை மாணவர்களே போடட்டும். 'பயிர்ச்சேதம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

நன்மைப் பக்கத்தில் முதலில் நிற்பது மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. அதில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களுக்கும் புயல்களுக்கும் பெரிய பங்குண்டு. ஆனால் புயல் வந்தாலே ஏரி நிரம்பிவிடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. இருந்தும் அந்தப் பருவத்தில் மாநிலத்தின் மழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து, அடுத்த ஆண்டு வறட்சியே வந்தது. புயல்மழை அது போகும் பாதையில் கொட்டும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அதுவும் கடலுக்கே போகும்.

கடலுக்குள் நடப்பதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. பலத்த காற்று கடல்நீரைக் கலக்கி, ஆழத்திலுள்ள குளிர்ந்த, ஊட்டச்சத்து மிக்க நீரை மேலே கொண்டுவருகிறது. வெயில் பட்டதும் அங்கே தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கடல் உணவுச்சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். படகையும் வலையையும் இழந்த மீனவருக்கு அந்தப் பலன் உடனே கிடைக்காது. புயல் காற்றுமாசைக் குறைக்கிறது என்பதற்கு ஒரு வரி போதும். சில நாளில் மாசு திரும்பிவிடும்.

தீமையின் அளவும் காற்றை மட்டும் பொறுத்ததல்ல. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். பலரைக் கொண்டுபோனது கடல்நீர்ப் பெருக்கு. 2013இல் அதே மாநிலத்துக்குக் கடும்புயல் பைலின் வந்தபோது இறப்பு சில பத்துகளோடு நின்றது. முன்னெச்சரிக்கை கேட்டு லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே புகலிடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர்.

ஒரு செயல்பாடு. கடலோரப் பள்ளிகளில், வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று விவரம் கேட்டு வரச் சொல்லுங்கள்: முதலில் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, நடுவில் ஓய்ந்ததா, பிறகு எந்தத் திசையிலிருந்து வந்தது? நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயலின் கண் ஓர் ஊரைக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்தும், ஓய்வுக்குப் பின் தெற்கிலிருந்தும் காற்று வீசும். அந்த இடைவெளியில் புயல் முடிந்ததென்று வெளியே வருவதுதான் ஆபத்து. விடைகளை ஊர்ப் பெயரோடு வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போட்டால், கண் எந்த வழியாகப் போனது என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.